கட்டியின் ரத்த வழியை அடைத்தல்

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. குடலிலிருந்து சத்தைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை ஏறக்குறைய முக்கால் பங்கைத் தருகிறது. மீதி கல்லீரல் தமனியின் பங்கு. அங்கே முளைக்கும் புற்றுக்கட்டியோ, வளர வளர, தமனி ரத்தத்தையே பெரும்பாலும் உறிஞ்சத் தொடங்குகிறது. ஆகவே கட்டிக்குப் போகும் தமனிக் கிளையை அடைத்தால் அது பட்டினி கிடக்கும். சுற்றியுள்ள கல்லீரல் போர்ட்டல் சிரையை நம்பிப் பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலான உறுப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

இந்தச் சலுகை பெரிதும் தேவைப்படுகிறது. மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, குடி, கொழுப்பு ஆகியவற்றால் சிரோசிஸ் வந்து தழும்பேறிய கல்லீரலில்தான் இந்தப் புற்று அதிகம் வருகிறது. கட்டியோடு ஒரு பகுதியை வெட்டியெடுத்தால், மிஞ்சும் கல்லீரலால் உடம்பைத் தாங்க முடியாமல் போகலாம்.

கட்டி மூன்று செ.மீ.க்குள் இருந்தால் தோல்வழியே ஊசியைச் செருகி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சுட்டுவிடலாம். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால் மட்டும் சிக்கல்: ஓடும் ரத்தம் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும்.

அதைவிடப் பெரிய கட்டிகளுக்கும் பல இடங்களில் இருக்கும் கட்டிகளுக்கும் 'டேஸ்' என்ற முறை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய கத்தீட்டரைக் கட்டியின் வாசல்வரை ஓட்டுகிறார்கள். டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்தை லிப்பியோடாலில் குழைத்துச் செலுத்தி, பிறகு நுண்துகள்களால் ரத்தக்குழாயை அடைக்கிறார்கள். லிப்பியோடால் வேறொன்றுமில்லை, அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய்! 1901இல் பிரான்சில் மார்செல் கெர்பே தயாரித்தது. அயோடின் இருப்பதால் எண்ணெய் எங்கே தேங்கியது என்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். இம்முறை ஆயுளை நீட்டுகிறது என்பதை பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்து 2002இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

துளை சிறியது என்பதால் லேசான சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. காய்ச்சல், வயிற்றுவலி, குமட்டல் சில நாள் வாட்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டார் பதற மாட்டார்கள்.

புற்று போர்ட்டல் சிரைக்குள்ளேயே புகுந்து அதை அடைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அப்போது தமனியையும் அடைப்பது நல்ல கல்லீரலையும் பட்டினி போடுவதாகிவிடும். அத்தகையவர்களில் சிலருக்குக் கதிரியக்க இட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளை அதே தமனி வழியே அனுப்புகிறார்கள். இவை ரத்த ஓட்டத்தை அதிகம் தடுப்பதில்லை. கட்டிக்குள் தங்கி, சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் தூரத்துக்குக் கதிர்வீசுகின்றன. இந்தக் கதிர்வீச்சு 64 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.