மாரி தந்த விருந்தினர்

சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாடலை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். மதுரையிலே குளிரால் நடுங்கிய அவ்வறிஞர், வானிற் செல்லும் செங்கால் நாரை வாயிலாகத் தம் மனைவிக்குச் செய்தி விடுத்த பாடல் அது. சொல்நயம், பொருள்நயம், அணிநயம் யாவும் கூறி முடித்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கொக்குக்கும் நாரைக்கும் என்ன வித்தியாசம்?" என்று வினவினான்.

நிகண்டுகள் கூறும் பறவைப் பெயர்களை நான் தடையின்றி ஒப்புவிப்பேன். ஆயினும் அவ்வினாவுக்கு விடை என்னிடம் இல்லை. "நாளை சொல்கிறேன்" என்று கூறி ஒருவாறு தப்பினேன்.

அந்த 'நாளை' மார்கழி விடுமுறையிலேதான் வந்தது. பறவை நோக்கும் பழக்கமுடைய நண்பர் ஒருவர் என்னைச் சுண்டிக்குளத்துக்கு அழைத்துச் சென்றார். 1938 இலே சரணாலயமாக்கப்பட்டு, 2015 இலே தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம் அது. இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு சென்று கலப்பதும் அக்கடனீரேரியிலேயாம். நன்னீரும் உவர்நீரும் கூடும் ஆழமற்ற அச்சேற்றிலே பறவைகளுக்கு இரை மிகுதி. ஆதலின் மாரி தொடங்கியதும் வடபுலத்துப் பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்திறங்குகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கி வரும் வான்வழிக்கு இலங்கை ஓர் எல்லை; இதற்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரையும் கடலே.

நண்பர் வானைச் சுட்டிக் காட்டினார். கழுத்தை மடித்து ஒடுக்கிக்கொண்டு பறந்தது கொக்கு. கழுத்தை நீட்டிப் பறந்தது மஞ்சள் அலகுடைய நம்மூர் நாரை. விடை அவ்வளவே! ஐம்பது வயது வரை நிமிர்ந்து பாராதது என் குற்றம்.

அப்பால் நீரிலே வெண்மையும் செம்மையுமாய்ப் பூநாரைக் கூட்டம் நின்றது. அலகைத் தலைகீழாக நீரிற் செலுத்தி, சேற்றை வடித்து இரையை உண்டது. பெயரிலே நாரை உண்டாயினும் அது நாரைக் குலத்தது அன்று. முக்குளிப்பானே அதற்கு நெருங்கிய உறவு என்பது இக்கால ஆய்வாளர் முடிபு. பெயரை மட்டும் கற்றவன் இடறும் இடம் இது.

வீடு திரும்பிய அன்று மாலை, வேலியோர மாமரத்தடியிலே இரட்டைச் சீழ்க்கை கேட்டது. பசிய முதுகு, கண்ணோரம் கருங்கோடு, அடிவயிற்றிலே செம்மை, குட்டை வால்: ஆறுமணிக்குருவி! இமயச் சாரலிலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டி, மாரியிலே எம் வளவை நாடி வருவது. ஆண்டுதோறும் அக்குரல் கேட்கும் வேளையிலேதான் விளக்கேற்றுவோம். அதன் ஊர் யாதென நான் உசாவியதில்லை. 2010 இலே இடப்பெயர்வின் பின் மீண்டு வந்தபோது வேலியும் இல்லை, கூரையும் இல்லை. ஐப்பசியிலே அக்குரல் மட்டும் முன்போலக் கேட்டது. "எங்கட குருவி வந்திட்டுது" என்று என் மனைவி கூறியது இன்றும் என் செவியில் உள்ளது.

அது சருகைக் கிளறிப் புழுபூச்சிகளை உண்ணும் பறவை. நாமோ முற்றத்துச் சருகுடன் வேலியோரச் சருகையும் கூட்டி எரித்து வந்தோம். இப்போது வேலியோரத்தை மட்டும் கூட்டுவதில்லை. விருந்தோம்பலுக்கு அத்துணையே போதும்.

தை மாதத்திலே பாடசாலை தொடங்கியதும் அம்மாணவனுக்கு விடை கூறினேன். அவன் சற்றே சிந்தித்து, "அப்ப எங்கட குளத்திலை நிக்கிறது நாரைதான், ஐயா" என்றான். அவன் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சியை என் பதவுரை எதுவும் இதுவரை தோற்றுவித்ததில்லை.

நாரை தெற்கே குமரிக்குச் சென்று வடக்கே மீளும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். அதன் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கூறினார். இரண்டையும் உற்று நோக்கியவரே அவ்வாறு கூறல் இயலும். எம் மாணவருக்குப் பனங்கிழங்கு தெரியும், நாரை தெரியாது. உவமையறிந்து பொருளறியாதார்க்கு அப்பாடல் பாதிப் பாடலே. ஆசிரிய நண்பர்களே, வன்னியிலே குளமில்லாத ஊர் அரிது. இந்த மாரியில் ஒரு பாடவேளையையேனும் குளக்கட்டிலே நடாத்துங்கள். மறுபாதியை அங்கே காணலாம்.