படம் இருக்கிறது, பெயர் எங்கே?

"உம்மா, புதுசு ஒண்டு வந்திரிக்காம். போடட்டா?"

மகன் முன் அறையிலிருந்து கேட்டபோது நான் குசினியில் நின்றேன். அது 2017ஆம் ஆண்டு நோன்பு காலம். அஸர் தொழுதுவிட்டு நோன்புக் கஞ்சியைக் கிளறிக் கொண்டிருந்தேன். "போடு மகன்" என்று அங்கிருந்தபடியே சொல்லிவிட்டேன்.

எங்கள் கம்பியூட்டரில் குடும்பப் புகைப்படங்களை ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கென்று ஒரு மென்பொருளைப் பாவித்து வந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டாம். அதன் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவித்தலைத்தான் மகன் திரையில் கண்டான். அவன் பொத்தானை அழுத்தினான். பழைய பதிப்பில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றும் வேலை நடந்து கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இஃப்தாருக்குச் சற்று முன்னர் திரும்பி வந்தது. கம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தோம். 412 பழைய படங்களும் இருந்தன. ஆனால் அவற்றின் கீழே இருந்த பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

பெயர் போனால் என்ன, படம் இருக்கிறதுதானே என்று வாசகியர் நினைக்கக் கூடும். என் கணவரும் முதலில் அப்படித்தான் சொன்னார். அந்தப் பெயர்கள் எங்களுக்கு ஏன் அவ்வளவு பெறுமதியானவை என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கடல் கொண்டு போன அல்பங்கள்

எங்கள் ஊர் சாய்ந்தமருது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது நாட்டில் 30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. ஆகக் கூடுதலாக இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீடு போனது. அலுமாரி போனது. அலுமாரிக்குள் உம்மா துணியில் சுற்றி வைத்திருந்த ஐந்து அல்பங்களும் போயின.

உம்மா நகைக்கு அழவில்லை, அல்பங்களுக்குத்தான் அழுதார். வாப்பாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகு இரண்டு வருடமாக உம்மா ஒரு வேலை செய்தார். கண்டிப் பக்கம் கலியாணம் முடித்துப் போன சாச்சி, கொழும்பில் இருக்கும் மச்சான்மார், கட்டாரில் இருந்த தம்பி என்று எல்லோருக்கும் சொல்லி, எங்கள் குடும்பத்தவர் இருக்கும் பழைய படங்களைக் கேட்டு வாங்கினார். ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அவற்றை ஸ்கேன் செய்து இறுவட்டில் போட்டு வைத்தோம். பிறகு வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்ததும் அதற்குள் ஏற்றினோம்.

பின்னேரங்களில் உம்மா கதிரையைப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். "இது உங்கட மூத்தம்மாட தங்கச்சி. இந்தப் புள்ள சின்னதிலேயே மௌத்தாப் பெய்த்து. இது வாப்பா மரைக்கராக இருந்த நேரம் பள்ளிவாசலுக்கு முன்னால எடுத்தது" என்று சொல்லச் சொல்ல மகள் படத்தின் கீழே எழுதுவாள். 412 படங்களுக்கும் இப்படியே பெயரும் ஊரும் வருடமும் சேர்ந்தன. 2015இல் உம்மா வபாத்தானார். இனிக் கேட்பதற்கு ஆளில்லை.

அல்பத்தின் தாளில் எழுதிய பெயர்

இது எப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கிக் கொண்டோம். விடயம் கஷ்டமானதல்ல. பழைய அல்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சிலர் படத்தின் பின்புறத்தில் பெயரை எழுதுவார்கள். சிலர் படத்தை ஒட்டியிருக்கும் அல்பத்தின் தாளில் எழுதுவார்கள். படத்தைக் கழற்றிப் புதிய அல்பத்தில் வைத்தால், பின்புறத்தில் எழுதிய பெயர் படத்தோடு வரும். தாளில் எழுதியது பழைய அல்பத்திலேயே நின்றுவிடும்.

மென்பொருளும் அப்படித்தான். படம் கம்பியூட்டரின் கோப்புறைக்குள் தனியாக இருக்கிறது. நாம் எழுதும் பெயர், பிரித்து வைக்கும் அல்பம், இடும் நட்சத்திரம் போன்றவற்றைப் பல மென்பொருட்கள் தமக்கென்று வைத்திருக்கும் ஒரு பட்டியலில்தான் பதிகின்றன. புதிய பதிப்பு வரும்போது அந்தப் பட்டியலை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. அது பாதியில் நின்றாலோ பிழைத்தாலோ, படம் இருக்கும், எழுதியது இருக்காது.

எம்மில் பலர் பாவித்த பிக்காசாவை எடுத்துக்கொள்வோம். 2004இல் கூகுள் நிறுவனம் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. அதில் படத்தின் கீழே எழுதும் குறிப்பு ஜேபெக் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். ஆனால் 2009இல் வந்த வசதியின்படி முகங்களுக்கு இட்ட பெயர்கள் வழமையாக அதன் சொந்தப் பட்டியலிலும், கோப்புறைகளுக்குள் மறைந்திருக்கும் சிறு கோப்புகளிலுமே இருந்தன. 2016இல் கூகுள் பிக்காசாவை நிறுத்திவிட்டது. ஏற்கனவே போட்டிருந்தவர்களின் கம்பியூட்டர்களில் அது தொடர்ந்து இயங்கியது. ஆனால் வேறு மென்பொருளுக்கு மாறியவர்கள் பலர் முகப் பெயர்களை மீண்டும் இட வேண்டியதாயிற்று.

அப்பிள் கம்பியூட்டர் வைத்திருந்தவர்களுக்கும் இதே போன்ற அனுபவம். 2015இல் ஐபோட்டோவுக்குப் பதிலாகப் போட்டோஸ் என்ற மென்பொருள் வந்தபோது, நல்ல படங்களுக்கென்று இட்டிருந்த நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாக வரவில்லை. அவை வெறும் குறிச்சொற்களாக மாறின. தொலையவில்லை, ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

படமே போன சந்தர்ப்பங்கள்

சில வேளைகளில் படங்களே போயிருக்கின்றன. 2018 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பெரிய புதுப்பித்தலொன்றை வெளியிட்டது. படங்களுக்கான கோப்புறையை வேறோர் இடத்துக்கு மாற்றியிருந்த சிலரின் பழைய கோப்புறை, உள்ளே மிஞ்சியிருந்த படங்களோடு அழிக்கப்பட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் திரும்ப விட்டார்கள்.

2020 ஓகஸ்டில் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம், ஐபோன்களுக்கு வந்த ஒரு புதுப்பித்தலில் இதே போன்ற பிழையைச் செய்தது. இணையச் சேமிப்புக்கு இன்னும் போய்ச் சேராத படங்கள் அழிந்தன. மீட்டெடுக்க வழியில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இத்தனை பெரிய நிறுவனங்களுக்கே இப்படி நடக்கிறதென்றால், புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? அதுவும் சரியல்ல. பழைய மென்பொருளின் ஓட்டைகள் வழியாக வைரஸ் வரும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. பழைய கம்பியூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11ஐப் போட முடியாது. ஆகவே பல வீடுகளில் படங்களை இடம் மாற்றும் வேலை எப்படியும் வரத்தான் போகிறது. வீடு மாறுவதுபோல, ஆயத்தத்தோடு செய்தால் பயமில்லை.

வீட்டுப் படம் வெளியே போகிறதா?

புதுப்பித்த பின்னர் பெண்கள் கட்டாயம் அவதானிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. புதிய பதிப்பு முதல் தடவை திறக்கும்போது, உங்கள் படங்களை இணையத்தில் சேமிக்கட்டுமா என்று கேட்கும். வாசிக்காமல் சரி என்று அழுத்தினால், வீட்டுக்குள் தலையில் முக்காடில்லாமல் எடுத்த படமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது எடுத்த படமும் சேர்ந்தே போகும். அது உங்கள் சொந்தக் கணக்குக்குத்தான் போகிறது, ஊருக்கெல்லாம் தெரிவதில்லை. என்றாலும் அந்தக் கணக்கின் கடவுச்சொல் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பழைய கைத்தொலைபேசிக்கும் தெரிந்திருக்கும். 2019 நவம்பரில் கூகுள் போட்டோஸிலிருந்து தமது படங்களைத் திரும்ப இறக்கிய சிலரின் வீடியோக்கள், தொழில்நுட்பப் பிழையால் முன்பின் தெரியாத வேறு ஆட்களின் தொகுப்புக்குள் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

அத்தோடு இடமும் எல்லையற்றதல்ல. கூகுளில் அளவில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1உடன் நின்றது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜீபி இடத்துக்குள் மின்னஞ்சலும் அடங்கும்.

கம்பியூட்டரைத் திருத்தக் கொடுப்பதும் இப்படித்தான். படங்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, கம்பியூட்டரிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால் வீட்டு ஆண்பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் செய்து திருத்துங்கள்.

புதுப்பிக்க முன்னர் செய்ய வேண்டியவை

நாங்கள் பட்டுத் தெளிந்தவை இவை. ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கலாம்.

1. படக் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியில் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப வேண்டாம்.

2. படங்களை மட்டுமல்ல, மென்பொருளின் பட்டியலையும் பிரதி எடுங்கள். பல மென்பொருட்களில் இதற்கென்றே "பெக்கப்" என்ற தெரிவு இருக்கும். நாங்கள் தவறவிட்டது இதைத்தான்.

3. இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். ராத்தா வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். கடலும் தீயும் ஒரு வீட்டுக்கு வரும்போது மற்ற வீட்டில் ஒன்று மிஞ்சும்.

4. கரண்ட் போகக் கூடிய நேரத்தில் புதுப்பிக்க வேண்டாம். மடிக்கணினியானால் பற்றரி நிறைந்திருக்கட்டும். மேசைக் கம்பியூட்டரானால் யூபிஎஸ் இருந்தால் நல்லது.

5. பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். விண்டோஸில் ஜேபெக் படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, "ப்ரொப்பர்ட்டீஸ்", பிறகு "டீட்டெய்ல்ஸ்" என்று போனால் தலைப்பும் குறிப்பும் எழுத இடமிருக்கும். இது படத்தின் பின்புறத்தில் எழுதுவதைப் போன்றது. படக் கோப்பின் பெயரையே "1978 வாப்பா பள்ளிவாசல்" என்று மாற்றிவிடுவது இன்னும் இலேசு.

6. தமிழில் எழுதுவதானால் யூனிகோட் முறையில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும்.

7. வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததைப் பிரதி என்று எண்ண வேண்டாம். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் தரம் குறைகிறது, உள்ளே எழுதிய விபரங்களும் நீங்கிவிடுகின்றன. "டொகியூமன்ட்" ஆக அனுப்பினால் உள்ளபடி போகும்.

8. புதிய கம்பியூட்டர் வாங்கினால், எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்து முடியும் வரை பழையதை விற்க வேண்டாம்.

மிஞ்சிய பன்னிரண்டு

எங்கள் பெயர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கடைகளுக்குக் கொண்டு போனோம். "படம் எல்லாம் இரிக்கிதானே, பிறகென்ன?" என்று சொல்லி அனுப்பினார்கள். மகன் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவனிலும் பிழையில்லை. குசினியிலிருந்து பாராமலே சொன்னது நான்தான்.

எட்டு மாதம் கழித்துக் கட்டாரிலிருந்து தம்பி விடுமுறையில் வந்தார். 2014இல் அவர் போகும்போது, உம்மா பேசிய வீடியோக்கள் வேண்டுமென்று எங்கள் கம்பியூட்டரில் இருந்ததையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே எடுத்துப் போயிருந்தார். அதற்குள் பழைய பட்டியலும் இருந்தது. அவருடைய பழைய மடிக்கணினியில் அதே மென்பொருளின் பழைய பதிப்பு இருந்ததால் திறக்கவும் முடிந்தது. 381 படங்களின் பெயர்கள் திரும்பக் கிடைத்தன. மகளும் நானும் அந்தப் பெருநாள் வரை இருந்து, ஒவ்வொன்றையும் படத்துக்குள்ளேயே எழுதி முடித்தோம்.

மற்ற 31 படங்களும் தம்பி போன பிறகு சாச்சி கொண்டு வந்தவை. உம்மா கடைசியாகப் பெயர் சொன்னவை அவைதான். அவற்றைக் கடதாசியில் அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக் கொண்டேன். கலியாண வீட்டுக்கும் கத்தத்துக்கும் போகும் இடங்களிலெல்லாம் வயதானவர்களிடம் காட்டிக் கேட்டேன். மருதமுனையில் ஒரு மாமி மட்டும் ஏழு பேரை அடையாளம் காட்டினார். இப்படிப் 19 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. 12 படங்கள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன.

அதில் ஒன்றில், பத்து வயது மதிக்கத்தக்க உம்மா கிணற்றடியில் இன்னொரு சிறுமியின் தோளில் கைபோட்டுச் சிரித்துக் கொண்டு நிற்கிறார். அந்தச் சிறுமி யாரென்று உம்மா சொன்னார், மகளும் எழுதினாள். அது மட்டும் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் உம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால், இன்று பின்னேரம் ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு அவரைக் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்டதைப் படத்துக்குள் எழுதுங்கள். ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். அதன் பிறகு புதுப்பியுங்கள்.