பாலம் கட்டியவர் எழுதிய உயில்

சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது செல்லும் மறைமலையடிகள் பாலத்தை நம்மில் கடக்காதவர் யார்? சின்னமலைத் திருவிழாவிற்கும், பரங்கிமலைத் திருப்பயணத்திற்கும், அன்றாட அலுவல்களுக்கும் அவ்வழியே போய் வருகின்றோம். ஆயினும் பாலத்தருகே சாலையோரம் நிற்கும் பழைய கல்வெட்டை நின்று நோக்கியவர் சிலரே. பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பெற்ற அக்கல், ஒரு கத்தோலிக்க வணிகரின் பெயரை நமக்குச் சொல்கின்றது. அவர்தாம் அர்மீனிய நாட்டு மரபினரான கோஜா பெத்ருஸ் உஸ்கான்.

பாரசீகத்தின் ஜுல்பா நகரத்து வணிகக் குடியைச் சார்ந்த உஸ்கான், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் பெரும்பொருள் ஈட்டினார். புனித தோமையாரின் நினைவைப் போற்றும் பரங்கிமலைக்குச் செல்லும் திருப்பயணிகள், மழைக்காலத்தில் அடையாற்றைக் கடக்க இயலாது அல்லலுறுவதை அவர் கண்டார். தம் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவிட்டு, 1726-ஆம் ஆண்டில் ஆற்றின்மீது பாலம் அமைத்தார். மலைமீது ஏறுவதற்குக் கற்படிகளும் அமைத்துக் கொடுத்தார். அப்பாலத்திற்கு 'மர்மலாங் பாலம்' என்று பெயர் வழங்கிற்று. நம் மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரே ஐரோப்பியர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர்.

பாலம் கட்டியவர் பலர் உளர். உஸ்கானிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று. கட்டியது நிலைக்க வேண்டுமாயின் அதைப் பேணுவதற்கும் பொருள் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே பாலத்தின் பராமரிப்பிற்கென 1,500 வராகனைத் தனியே ஒதுக்கினார். 1751-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விருப்பப்படியே உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் பேழையில் வைக்கப்பெற்று, பிறந்த ஊராகிய ஜுல்பாவிற்கு அனுப்பப்பட்டது.

அவர் வாழ்வில் மற்றொரு செய்தியும் உண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, உஸ்கானின் உடைமைகளில் பெரும்பகுதி பறிமுதலாயிற்று. தமக்கென வைத்திருந்தது பறிபோயிற்று. ஊருக்கென்று கொடுத்தது எஞ்சி நின்றது. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மக்களைச் சுமந்த அப்பாலம், 1960-களில் புதிய பாலத்திற்கு இடம் விட்டது. இன்று கல்வெட்டு மட்டும் நிற்கின்றது. மலைப்படிகளிலோ இன்றும் திருப்பயணிகள் ஏறுகின்றனர்.

பேணுவதற்கு ஏன் தனிப் பணம்?

மயிலைப் பகுதியில் வாழும் நாம் பெரும் மரபுச் செல்வத்திற்கு உரியவர்கள். நாம் 'காட்டுக் கோயில்' என்று அழைக்கும் பிரகாச மாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் காட்டுகின்றது. பரங்கிமலை ஆலயம் 1523-லும், சின்னமலை ஆலயம் 1551-லும் எழுந்தவை. சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896-இல் நிறைவுற்றது. 1956-இல் அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு வழங்கப்பெற்றது. இவையன்றி, பழைய பள்ளிகள், கன்னியர் இல்லங்கள், கல்லறைத் தோட்டங்கள், பங்குப் பதிவேடுகள் எனப் பலவும் நம்மிடையே உள்ளன.

புதிய ஆலயம் எழுப்புவதற்கென்று கேட்டால் நம் மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள். கொடுத்தவர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கவும் இடம் உண்டு. ஆனால், மேல்தளத்தின் நீர்ப்போக்கியில் அடைத்துக்கொண்ட சருகை அகற்றுவதற்கும், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைவதற்கும், கரையான் அரித்த உத்திரத்தை மாற்றுவதற்கும் யார் பெயரைப் பொறிப்பது? அழிவு தொடங்குவதோ இத்தகைய சிறு செயல்கள் தவறும்போதுதான். அரசங்கன்று விரலளவாக இருக்கும்போது களைந்தால் கூலி சிறிது; அது மரமாகிச் சுவரைப் பிளந்த பின்னரோ இலட்சக் கணக்கில் செலவாகும்.

அன்றியும், பழைய கட்டடங்களுக்கு உரிய மருத்துவம் வேறு. நம் முன்னோர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டினர். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், சில ஆண்டுகளில் செங்கல் பொடிந்து உதிரும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கேடாய் முடிவதும் உண்டு. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாதுகாப்புக் கலை பயின்ற பொறியாளரின் கருத்தையும் கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆண்டுதோறும் சீராக வரும் வருவாய் தேவை. மூலதனம் குறையாமல் வட்டியைக் கொண்டு செலவு செய்யும் அறக்கொடையே அதற்கு ஏற்ற வழி. அதைத்தான் உஸ்கான் அன்றே கண்டார்.

இரண்டு உயில்கள் தரும் பாடம்

உயில் எழுதிவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென எழுதிவைத்து, அத்திங்களிலேயே காலமானார். ஆயின் அவருடைய பணம் நெடுங்காலம் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டால் அறநிதி மீட்கப்பட்டு, அதன் உபரியைக்கொண்டு முதற்பள்ளி தொடங்கப்பட்டது 1842-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 48 ஆண்டுகள்! கொடை எவ்வளவு பெரிதாயினும், அதை நிறைவேற்றுபவர் நம்பிக்கைக்குரியவராய் இல்லாவிடில் பயன் தாமதமாகும் என்பதற்கு இது பாடம்.

மற்றொன்று, 1916-இல் மறைந்த சார்லஸ் வாலஸ் என்பவரின் உயில். இந்திய வணிகத்தால் பொருளீட்டிய இந்த ஆங்கிலேயர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து, 1981-இல் சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை இங்கிலாந்தில் அமைந்தது. நம் நாட்டின் மரபுச் செல்வங்களைக் காக்கும் 'இண்டாக்' என்னும் தேசிய அறக்கட்டளை 1984-இல் தோன்றியபோது, அதன் முதல் நிதி அமையவும் அந்தச் செல்வம் துணைபுரிந்தது. எழுதியவர் மறைந்து எழுபது ஆண்டுகளை நெருங்கும் வேளையில், அவர் கண்டிராத ஓர் அமைப்புக்கு அவர் பணம் வித்தாயிற்று.

கொடை பணமாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தபின், அவர் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகளைக்கொண்டு 1943-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் நூலகம் நிறுவினார். இன்று பெசன்ட் நகரில் இருந்து அது ஆய்வாளருக்கு உதவுகின்றது. நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய நிழற்படங்களும், கடிதங்களும், அச்சு நூல்களும் பழைய தாள் கடைக்குப் போகாமல் ஓர் ஆவணக் காப்பகத்தைச் சென்றடையுமாறு எழுதிவைப்பதும் மரபுக்கொடையே.

சட்டம் சொல்வது என்ன?

கிறிஸ்தவ மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்காள் தங்கை பிள்ளைகள், அல்லது அவர்களினும் நெருங்கிய உறவினரை உடைய கிறிஸ்தவர் ஒருவர் சமய, அறப்பணிகளுக்கு உயில்வழிக் கொடை செய்வதைக் கட்டுப்படுத்தியது. உயில், இறப்பிற்குப் பன்னிரண்டு திங்களுக்கு முன்னதாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய ஆறு திங்களுக்குள் உரிய பாதுகாப்பிடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அக்கொடை செல்லாது. இந்துக்களுக்கு இல்லாத இத்தடையை எதிர்த்துக் கேரளத்துக் குரு ஜான் வள்ளமட்டம் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 2003-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. ஆகவே அப்பழைய அச்சம் இன்று தேவையில்லை.

உயில் எழுதுவதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருப்பவர் எவரும் எழுதலாம். எழுதியவர் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவரேனும் சான்றொப்பமிட வேண்டும். பயன் பெறுபவரையோ, அவருடைய கணவன் அல்லது மனைவியையோ சாட்சியாக வைத்தால், உயில் செல்லும். ஆனால் அவருக்கு எழுதிய கொடை செல்லாது. உயில் எழுதியபின் திருமணம் நடந்தால், கிறிஸ்தவர்க்கு அப்பழைய உயில் தானே இரத்தாகிவிடும். மீண்டும் எழுத வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் பதிவு செய்துவைப்பது பின்னாளில் எழும் ஐயங்களைக் குறைக்கும்.

கொடையைப் பெறும் அமைப்பின் பதிவுசெய்யப்பட்ட முழுப்பெயரை எழுதுதல் வேண்டும். 'மயிலைப் பழைய கோயிலுக்கு' என்று பொதுவாக எழுதினால் வழக்கிற்கு வழி பிறக்கும். எதற்காக என்பதையும் குறித்து, அப்பணி நடவாதாயின் அதனை ஒத்த வேறு பணிக்குப் பயன்படுத்தலாம் என ஒரு வரி சேர்ப்பது நலம். உஸ்கானின் பாலம் இன்று இல்லை என்பதை நினைவிற்கொள்க. பங்கு ஆலயத்திற்கு நிலையான அறக்கொடை வைக்க விரும்புவோர், முன்னதாகவே பங்குத்தந்தையோடு கலந்து பேசுதல் வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, அத்தகைய நிலைக்கொடையை ஏற்க மறைமாவட்டத் தலைமையின் எழுத்து வடிவ இசைவு தேவை. கொடுத்தவரின் கருத்து வழுவாது நிறைவேற்றப்பட வேண்டும் என்றும் அத்தொகுப்பு விதிக்கின்றது.

பிள்ளைகளுக்கா, கல்லுக்கா?

'பிள்ளைகள் இருக்கையில் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கொடுப்பதா? ஏழைகள் பசித்திருக்கையில் கட்டடம் முக்கியமா?' என்னும் வினா எழுவது இயல்பே. அதை நாம் தள்ளிவிடலாகாது. வாழ்க்கைத் துணைக்கும், பிள்ளைகளுக்கும், ஊனமுற்ற உறவினருக்கும் செய்ய வேண்டிய கடமை முதலாவது. அக்கடமையைக் கைவிட்டு எழுதும் கொடை தருமம் ஆகாது. வறியவர்க்கு உதவுவதும் முன்னிற்க வேண்டியதே.

ஆயினும் சிந்திப்போம். பாலம் கட்டிய உஸ்கான் கல்லுக்கா கொடுத்தார்? வெள்ளத்தில் தவித்த மனிதருக்கன்றோ கொடுத்தார்! செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் முழந்தாளிடும் இடம் பழைய ஆலயம். வீட்டில் ஓர் ஓவியமும் இல்லாத ஏழைச் சிறுவன் கண்ணாரக் காணும் கலைச்செல்வமும் அதுவே. அதைக் காப்பது அவனுக்குரிய பங்கைக் காப்பதாகும்.

பெருந்தொகை எழுத வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளுக்குப் பங்கிட்டது போக நூற்றில் ஒரு பங்கு போதும். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை அறிந்தவர்கள் அன்றோ நாம்! எழுதுமுன் பிள்ளைகளை அருகழைத்து, நம் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். தந்தையும் தாயும் உயிரோடிருக்கையில் மகிழ்வோடு சொன்னதைப் பிள்ளைகள் மதிப்பர். இறந்தபின் உறையைப் பிரித்து அறிவதே மனக்கசப்பை வளர்க்கும்.

பலர் உயில் எழுதுவதையே அமங்கலம் எனக் கருதித் தள்ளிப்போடுகின்றனர். நவம்பர்த் திங்கள்தோறும் கல்லறைத் தோட்டம் சென்று மரித்தோரை நினைவுகூரும் நாம், நம் முடிவையும் அமைதியோடு எண்ணிப் பார்க்கப் பழகியவர்கள் ஆவோம். நாம் சென்றபின்பும் ஓர் ஆலயத்துக் கூரை ஒழுகாது காக்கப்படுமாயின், அதன் நிழலில் நாம் காணாத தலைமுறையினர் மன்றாடுவர். நல்ல உடல்நலத்தோடும் தெளிந்த மனத்தோடும் இருக்கும் இன்றே, இல்லத்தாரோடு அமர்ந்து பேசுவோம். அதை எழுதியும் வைப்போம்.