தீவுச் சிகரம்

ஹேடோவில் வாழும் மக்கள் கடல்மட்டத்துக் காற்றிற்குப் பழகியவர்கள். அந்தமான் தீவுகளில் மிக உயர்ந்த சேடில் சிகரத்தின் உயரமே 732 மீட்டர்தான். நேபாள நாட்டு இமயமலையிலோ 6,100 மீட்டருக்கும் மேல் உயர்ந்த இம்ஜா சே என்னும் சிகரம் உள்ளது. பனிக்கடலின் நடுவே தீவுபோலத் தோன்றுவதால், அதனைத் ‘தீவுச் சிகரம்’ என்றும் அழைப்பர்.

இன்று வழிகாட்டியுடன் பலர் குழுவாக அதில் ஏறுகின்றனர். ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் பாதியாகிறது. விரைந்து ஏறினால் தலைவலியும் குமட்டலும் தோன்றும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவு தங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும். இவ்வாறு ஏறினால் உடல் சிறிது சிறிதாக மெல்லிய காற்றிற்குப் பழகும்.

தலைவலியை மறைப்பது வீரமன்று. அதனை உடனே வழிகாட்டியிடம் கூறவேண்டும். நோய் முற்றினால், சிகரம் அருகில் இருப்பினும் கீழே இறங்குவதே தக்க தீர்வாகும்.

சொற்பொருள்: உயிர்வளி – ஆக்சிஜன், குமட்டல் – வாந்தி வரும் உணர்வு.

சிந்தித்து எழுதுக: மலையேறுவோர் மெதுவாக ஏறுவது ஏன்?