மொட்டை மாடி ஏற்பாடு

தீபாவளிக்கு டாஸ்மாக் விடுமுறை கிடையாது. காந்தி ஜெயந்திக்கும் திருவள்ளுவர் தினத்துக்கும் வள்ளலார் நினைவு நாளுக்கும் மூடும் கடைகள் பண்டிகையன்று திறந்திருக்கும். எத்தனை கோடிக்கு விற்றது என்பது மறுநாளே செய்தியாகிவிடும். வாங்கியதெல்லாம் குடிப்பவர்கள் வீட்டிலேயே காலியாவதில்லை. தலைத் தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை, அவரோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு நண்பர்கள், துபாயிலிருந்து டூட்டி ஃப்ரீ பையோடு இறங்கும் சித்தப்பா என்று ஆள் சேர்ந்ததும், சொட்டுகூடத் தொடாத வீட்டுக்காரர் முன்னாலும் இங்கே குடிக்கலாமா என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. அவர் 'சரி' என்றும் சொல்வதில்லை, 'கூடாது' என்றும் சொல்வதில்லை. கூடத்தில் வேண்டாம், மொட்டை மாடியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார். நம் ஊரில் இதற்குப் பெருந்தன்மை என்று பெயர். இதைவிட மோசமான விருந்தோம்பல் இருக்க முடியாது என்பது என் கட்சி.

மாடியில் நடப்பதன் பாரம் முழுக்கக் கீழே இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. பிளாஸ்டிக் டம்ளர் போதவில்லை, தண்ணீர் கேன் காலி, இன்னும் இரண்டு ஆம்லெட் என்று படிக்கட்டு வழியாகக் குரல் வரும். காலையிலிருந்து பலகாரம் சுட்டுக் களைத்தவர் மறுபடி வெங்காயம் நறுக்குவார். தட்டை மேலே கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுச் சிறுவன். செவன் அப் பாட்டிலில் இருப்பது ஏன் பழுப்பாக இருக்கிறது என்பது அவனுக்கு அன்றே தெரிந்துவிடும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் சுமார் 19 சதவீதம். பெண்களில் ஒரு சதவீதம். ஆக, நாலைந்து ஆண்களின் மாலைப்பொழுதுக்காக ஒரு வீடே பரிமாறும் வேலை பார்க்கிறது. சாப்பாடு பத்தரை மணிக்கு ஆறிப்போய்க் கிடப்பது தனிக்கதை.

வந்தவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதானே விருந்தோம்பல் என்று கேட்பார்கள். விருந்தினருக்கு இருக்கும் உரிமை பசியாறுவது, மரியாதையாக நடத்தப்படுவது, இரண்டும்தான். சைவ வீட்டு விருந்துக்கு யாரும் பிரியாணிப் பொட்டலத்தோடு போவதில்லை. போனாலும் மாடியில் இடம் கேட்பதில்லை. (சைவத்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதைக்குப் பின்னால் சாதியின் அதட்டலும் உண்டு. குடிக்காத வீட்டுக்கு அந்தத் துணை இல்லாததால்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.) ஊர் அபிப்பிராயமும் குடிப்பவர் பக்கம் இல்லை. 2023 ஏப்ரலில் சிறப்பு உரிமம் பெற்றுத் திருமண மண்டபங்களில் மது பரிமாறலாம் என்று தமிழக அரசு அறிவிக்கை வெளியிட்டது. எழுந்த எதிர்ப்பில் திருமண மண்டபங்களை அதிலிருந்து உடனே நீக்க வேண்டியதாயிற்று. அரசே பின்வாங்கிய இடத்தில் ஒரு மாமனார் ஏன் கூச்சப்பட வேண்டும்?

உறவு முறிந்துவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் குறைவு. 1913இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மதுவைத் தொடாதவர். தம் விருந்துகளில் மது இருக்காது என்பதைப் பதவியேற்கும் முன்பே அதிபர் வில்சனிடம் பேசி முடித்துக்கொண்டார். பிரிட்டிஷ் தூதர் ஜேம்ஸ் பிரைஸுக்குக் கொடுத்த விருந்தில், காரணத்தை விருந்தினர்களிடம் சொல்லிவிட்டுத் திராட்சைச் சாறு பரிமாறினார். பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. விருந்தினர் யாரும் எழுந்து போகவில்லை. 2016 ஜனவரியில் ஈரான் அதிபர் ரூஹானி பாரிஸ் போனபோது கதை தலைகீழ். மேசையில் ஒயின் இருக்கக் கூடாது என்றது ஈரான் தரப்பு. எங்கள் மேசையில் ஒயின் இருக்கும் என்றது பிரான்ஸ். சாப்பாடே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் நடத்தினார்கள். அதே பயணத்தில் 118 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தமும் ஆயிற்று. வீட்டு விதி ஒத்துவராத மச்சானும் பகலில் வந்து பலகாரம் தின்றுவிட்டுக் கிளம்பலாம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வீட்டில் இடம் தராவிட்டால் வெளியே போய்க் குடித்துவிட்டு வண்டியில் வருவார்கள், அதற்கு இது தேவலையே என்பது. ஆபத்து உண்மைதான். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் மாடியில் குடித்தவரும் இரவு பதினொரு மணிக்கு வண்டிச் சாவியைத்தானே தேடுகிறார்? கவலை நிஜமென்றால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பாய் விரித்துக் கொடுக்க வேண்டும். மாடியைத் திறந்துவிட்டுச் சாவியையும் கொடுப்பவருக்கு இந்த வாதத்தைச் சொல்லும் தகுதி இல்லை.

வீட்டுக்காரருக்கும் எல்லை உண்டு. வாசலில் நின்று மூக்கால் சோதனை போடுவது, இலை முன்னால் உட்கார வைத்து ஈரல் கெட்டுப்போகும் என்று பாடம் எடுப்பது எல்லாம் மாடி ஏற்பாட்டுக்குச் சற்றும் குறையாத அநாகரிகம். எங்கேயோ ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்து அமைதியாக உட்காருபவருக்குச் சோறு போட்டு அனுப்புவதே முறை. சித்தப்பா நீட்டும் பாட்டிலைப் பீரோவில் பூட்டி வைக்கவும் வேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். கிளம்பும்போது அவர் பையிலேயே திருப்பி வைத்துவிடலாம்.

சொல்ல வேண்டியதைப் பண்டிகைக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். "நம்ம வீட்ல அது மட்டும் வேண்டாம் மாப்ள, சாப்பாட்டுக்கு நேரத்துலயே வந்துடுங்க" என்றால் போதும். மாமனாருக்கு நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் மச்சினனை விட்டுச் சொல்லலாம். மகளிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்கப்போவது அவள்தான்.