டேங்கில் ஐந்தில் ஒரு பங்கு

2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில், தும்கூர் சாலைக் கண்காட்சி மையத்தில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில், பிரதமர் இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த அந்தப் பெட்ரோல், அன்று 11 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாகச் சேர்த்து 84 பங்க்குகளில் மட்டுமே கிடைத்தது. வேண்டியவர் தேடிப்போய் நிரப்பிக்கொள்ளலாம். வேண்டாதவர் பழைய பெட்ரோலோடு இருந்துகொள்ளலாம். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறிப்போனது. 2025இல் நாடு முழுவதும் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அல்சூரானாலும் ஒயிட்ஃபீல்டானாலும், சாதாரண பெட்ரோல் கேட்டால் குழாயில் வருவது இ20தான்.

கலப்பு என்பது இந்த ஊர் வண்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1980களில் இங்கே ஓடியவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. மைசூரிலிருந்து எஸ்டி வந்தது. பஜாஜ் சேதக் பதிவு செய்து காத்திருந்து வாங்கப்பட்டது. பெட்ரோலோடு ஆயில் சேர்த்து ஊற்ற வேண்டும். ஸ்கூட்டர் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும்; குறைந்தால் பிஸ்டன் சீஸ் ஆகும். அந்த அளவு வண்டிக்காரருக்குத் தெரியும், அவர் கண்ணெதிரே கலக்கப்பட்டது. டிசம்பர் காலைக் குளிரில் சோக்கை எவ்வளவு இழுப்பது, ரிசர்வுக்குத் திருப்பியபின் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதும் அவருக்கு அத்துப்படி. பிக்கப் சரியில்லை என்றால் மெக்கானிக் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டு, காதை வைத்துக் கேட்டுச் சரிசெய்வார்.

அந்தக் காலத்தை இனிப்பாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. மெஜஸ்டிக்கில் மாலை நேரத்தில் நின்றவர்களின் சட்டைக் காலரில் படிந்த புகை அந்த ஆயிலிலிருந்து வந்ததுதான். 2000ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஒழிக்கப்படும்வரை பெட்ரோலில் ஈயமும் இருந்தது. அதைக் குழந்தைகளும் மூச்சில் இழுத்தார்கள். இன்றைய பெட்ரோல் அதைவிடப் பல மடங்கு தூய்மையானது. அதை மறைத்துவிட்டுப் பேசும் ஏக்கம் நேர்மையானதாக இருக்காது.

எத்தனாலும் திடீரென்று வந்துவிடவில்லை. மோட்டார் எரிபொருளில் சாராயம் கலப்பதற்கென்றே 1948இல் ஒரு சட்டம் இருந்தது. 2003 ஜனவரியில் கர்நாடகம், தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்புத் திட்டம் தொடங்கியது. எத்தனால் போதவில்லை, திட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. 2013-14இல்கூட நாடு முழுவதற்கும் கலந்தது 38 கோடி லிட்டர், அதாவது 1.53 சதவீதம். 2022 ஜூனில் அது 10 சதவீதமானது. 2023-24இல் 700 கோடி லிட்டரைத் தாண்டியது. ஒன்றரை சதவீதத்தை எந்த வண்டிக்காரரும் உணர்ந்ததில்லை. இருபதை உணர்கிறார்கள்.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே இதற்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது: பழைய வடிவமைப்புள்ள கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையும், இ20க்கென்றே சீரமைத்த புதிய கார்களில் 1 முதல் 2 சதவீதம். நகருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்த கார் இனி 11.3 தரும் என்று வையுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் கூடுதலாகிறது. பெங்களூரில் 2025இல் லிட்டர் சுமார் 103 ரூபாய். ஆக மாதம் சுமார் 530 ரூபாய். மைலேஜ் 15, 20 சதவீதம் விழுந்துவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேதியியல் அவ்வளவு தூரம் போவதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் அரைமணி நேரம் நின்றுபோன பெட்ரோலையும் எத்தனாலால் குறைந்ததையும் பிரித்தறிவது எளிதல்ல. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே வழியில் போய் வருபவர், ஃபுல் டேங்க் முன்பெல்லாம் எந்தக் கிழமை வரை வந்தது என்பதை மறப்பதில்லை.

கிடைத்ததையும் எழுத வேண்டும். பெட்ரோலின் ஆக்டேன் எண் 91இலிருந்து 95க்கு உயர்ந்திருக்கிறது. ஏற்றத்தில் தட்டல் சத்தம் குறையும், இன்ஜின் மென்மையாக ஓடும். கார்பன் மோனாக்சைடு இருசக்கர வண்டிகளில் பாதியாகவும், கார்களில் 30 சதவீதமும் குறையும் என்கிறது அதே அறிக்கை. ஒரு கோடிக்கு மேல் வண்டிகள் ஓடும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

சிக்கல் வண்டியின் வயதில் இருக்கிறது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதவைக்கும், பின் விறைக்கவைக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் அதைத் தாங்கும் பாகங்கள் உள்ளன. அதற்கு முன்பு வந்தவற்றில் பெட்ரோல் குழாய், ஓ-ரிங், கேஸ்கெட் ஆகியவை கவலைக்குரியவை. 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. கார் வைத்திருப்பவருக்கு அது அதிகமில்லைதான். பன்னிரண்டு வயது மொபெட்டில் சாமான் கட்டிப் போகிற வியாபாரிக்கு, சிவாஜிநகரிலோ ஜே.சி. ரோட்டிலோ பாகம் தேடும் நாள் கூலியில்லாத நாள். அமைச்சகத்தின் கணக்கில் அந்த நாள் இல்லை.

மழைக்காலத்தில் இன்னொரு வேறுபாடு. முன்பு டேங்கில் தண்ணீர் புகுந்தால் அது தனியே அடியில் தங்கும். மெக்கானிக் கழற்றி வடித்துவிடுவார். எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடிக்கு இறங்கும். பெட்ரோல் மேலே நிற்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து. அதனால்தான் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதே, டேங்கைப் பாதியில் விடாதே என்று மெக்கானிக்குகள் இப்போது சொல்கிறார்கள். ஆட்டோக்காரர்களில் பெரும்பாலோர் எல்பிஜிக்கும் சிஎன்ஜிக்கும் போய்விட்டதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எத்தனால் பெட்ரோலைவிட மலிவு, ஆகவே விலை குறையும் என்ற நம்பிக்கை 2021இல் இருந்தது. குறையும் ஆற்றலை ஈடுகட்ட விற்பனை விலையைக் குறைக்க வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கையும் பரிந்துரைத்தது. 2025 ஜூலை இறுதியில் எத்தனாலின் சராசரிக் கொள்முதல் செலவு லிட்டருக்கு 71.32 ரூபாய், அதாவது சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையைவிட அதிகம். பங்க் விலை குறையவில்லை.

பணம் வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகாமல் நம் வயல்களுக்குப் போகிறது என்பது உண்மை. சர்க்கரை ஆலைகள் விவசாயிகளுக்குத் தரவேண்டிய நிலுவையைத் தீர்க்க அது உதவியதும் உண்மை. ஆனாலும் 2025 நவம்பரில் பெலகாவி விவசாயிகள் கரும்பு டன்னுக்கு 3,500 ரூபாய் கேட்டுச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் நிதி ஆயோக் தந்த எண்ணே. மண்டியாவில் கரும்புக்குப் பாய்வதும் பெங்களூர்க் குழாயில் வருவதும் ஒரே காவிரி. 2024 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நகரம் இது.

எத்தனாலிலேயே ஓடக்கூடிய அப்பாச்சி பைக்கை ஓசூரில் வண்டி தயாரிக்கும் டிவிஎஸ் 2019இலேயே வெளியிட்டது. பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டா 2023இல் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் இன்னோவாவைக் காட்டியது. நகரத்தின் இரண்டு வாசல்களிலும் தொழில்நுட்பம் தயார். நகரத்துக்குள் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதியோ 2023க்கு முன் பதிவானவை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. பிரேசிலில் கலப்புப் பெட்ரோலும் தனி எத்தனாலும் ஒரே பங்க்கில் இரு விலையில் கிடைக்கும். எத்தனால் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை நிரப்புவார்கள். இங்கே லிட்டருக்கு ஆறேழு ரூபாய் குறைத்தால் மைலேஜ் குறை அன்றே தீரும். பழைய வண்டிகளின் ரப்பருக்கு, அவை ஓடி முடியும்வரை, பத்து சதவீதக் கலப்புப் பெட்ரோல் ஒரு தனிக் குழாயில் வர வேண்டும். பழைய வண்டிகளைக் காக்க அதைத் தொடர்ந்து கிடைக்கச் செய்யலாம் என்று 2021 அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது.