குளிரில் வெடிக்கும் குழாய்! ஓடும் வீட்டைக் காப்பாற்றும் ரோஜா நிறத் திரவம்

பிள்ளைப்பாக்கத்தில் தண்ணீர் உறையாது. மார்கழி மாதப் பின்னிரவில் அந்த ஊர் ஏரியில் கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அவ்வளவுதான். காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி, பனிக்கட்டியைப் பார்ப்பதெல்லாம் ஜூஸ் கடையிலும் மீன் பெட்டியிலும்தான்.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் தயாராகும் வண்டிகள், தண்ணீர் கல்லாகிப் போகும் ஊர்களுக்கும் போகின்றன. கார், லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கே தயாராகின்றன. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை 2012-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. கேரள அரசு 2021-ம் ஆண்டில் "கேரவன் கேரளம்" என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது, அதற்கான சொகுசு வண்டிகளில் பாரத்பென்ஸ் வண்டியும் இருந்தது.

கேரவன் என்றால் யாருக்கும் விளக்கம் தேவை இல்லை. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் நடுவே ஓய்வெடுக்கும் வண்டிதான். உள்ளே படுக்கை இருக்கும். அடுப்பு இருக்கும். குளியல் அறையும் கக்கூசும் இருக்கும். சுருங்கச் சொன்னால், சக்கரம் வைத்த வீடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கான குடும்பங்களிடம் இத்தகைய வண்டி உண்டு. அங்கே வேலைக்குப் போன தமிழர்களும் கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதில் ஊர் சுற்றுகிறார்கள்.

கோடை முடிந்ததும் வண்டி வாசலில் நின்றுவிடும். ஆபத்து அப்போதுதான் ஆரம்பம்!

11 படி, 12 படி ஆகும்!

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் வேறு ரகம். 4 டிகிரி வரை சுருங்கும். அதன் பிறகு விரியத் தொடங்கும். உறையும்போது 11 படி தண்ணீர், 12 படி பனிக்கட்டி ஆகிவிடும். கண்ணாடிப் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, பிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்துவிட்டு மறந்துபோனவர்களுக்கு இது தெரியும். மறுநாள் காலையில் பாட்டில் இரண்டாகக் கிடக்கும்.

குழாயிலும் அதே கதைதான். ஆனால் ஒரு வேடிக்கை. பனி கட்டிய இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்பதில்லை. நடுவில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் குழாய் மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே சிக்கிய தண்ணீரைப் பனிக்கட்டி நெட்டித் தள்ளும். போக வழியில்லாமல் அந்தத் தண்ணீர் குழாயையே பிளந்துவிடும்.

விரிசல் விழுந்தது அப்போது தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக இருக்கும். வசந்த காலத்தில் குடும்பம் ஆசையாக மூட்டை முடிச்சுகளை ஏற்றும். தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டதும் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டும். மரப்பலகை ஊறிப்போகும். தரை உப்பிவிடும். விடுமுறைக்கு வைத்திருந்த பணம் ரிப்பேருக்குப் போய்விடும்.

லடாக்கில் வாளித் தண்ணீர்

அமெரிக்கா வரை போவானேன்? லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி மாத இரவில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி குளிர் சர்வ சாதாரணம். பல விடுதிகள் குளிர்காலத்தில் கதவைச் சாத்திவிடும். திறந்திருக்கும் விடுதிகள் பலவற்றிலும் குழாயில் தண்ணீர் வராது. வாளியில்தான் வெந்நீர் தருவார்கள். வாடகை வாங்கிக்கொண்டு வாளியா என்று கோபிக்கும் பயணிகள் உண்டு. கோபித்துப் பயன் இல்லை. குழாயில் தண்ணீரை விட்டு வைத்தால், குழாயே மிஞ்சாது.

லே ஊர்க்காரர்கள் செய்வதைத்தான் வண்டிக்காரரும் செய்யவேண்டும். முதல் வேலை, தண்ணீரை வெளியேற்றுவது. நல்ல தண்ணீர்த் தொட்டி, குளித்த தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் தொட்டி மூன்றையும் காலி செய்யவேண்டும். வெந்நீர்க் கொதிகலனை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றியபின் அதன் அடிமூடியைக் கழற்றவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு கழற்றினால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, காற்று அடித்து ஊதித் தள்ளலாம். கார் டயருக்கு அடிக்கும் அளவு காற்று போதும். வேகம் கூடினால் இணைப்புகள் கழன்றுவிடும்.

எவ்வளவு ஊதினாலும் மூலை முடுக்கில் தண்ணீர் தங்கும். மோட்டாருக்குள் தங்கும். தொட்டிக்கு அடியில் உள்ள வளைகுழாயில் தங்கும். அதற்குத்தான் ரோஜா நிறத் திரவம். கொதிகலனுக்குள் போகாதபடி வழியை மாற்றிவிட்டு, வண்டியின் மோட்டாராலேயே இதை உறிஞ்சச் செய்வார்கள். ஒவ்வொரு குழாயாகத் திறப்பார்கள். ரோஜா நிறம் வந்ததும் மூடுவார்கள். ஒவ்வொரு வளைகுழாயிலும் ஒரு டம்ளர் ஊற்றுவார்கள். 10 லிட்டர் அளவில் வேலை முடிந்துவிடும். கடுங்குளிரில் இந்தத் திரவம் கூழ் போல் ஆகலாம். கல்லாக இறுகிக் குழாயை உடைக்காது.

பலர் மறப்பது வண்டியின் வெளிப்புறத்தில் கால் கழுவ வைத்திருக்கும் சின்னக் குழாயை. வெடிப்பதும் அதுதான்!

பச்சை வேறு, ரோஜா வேறு

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படிக்கவேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

கார், லாரி என்ஜினிலும் தண்ணீர் உறையாமல் இருக்க "கூலண்ட்" ஊற்றுகிறார்கள். காஷ்மீர் வரை ஓடும் நாமக்கல் லாரிக்கு அது அவசியம். வெறும் தண்ணீரை நம்பினால் என்ஜினே பிளந்துவிடும். ஆனால் அந்தக் கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும். சிறிதளவு உள்ளே போனாலும் சிறுநீரகம் கெடும், உயிரும் போகும்.

குடிநீர்க் குழாய்க்கு உரியது புரோப்பிலீன் கிளைக்கால். மருந்திலும் உணவிலும்கூட இதைச் சேர்க்கிறார்கள். பெயரில் சிறிய வித்தியாசம். பலனிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தின் விலையைப் பிள்ளைப்பாக்கம் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டம் அறியும். 2025-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது இதே மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில். அதில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது அரசுச் சோதனையில் தெரிந்தது. அதுவும் அதே கிளைக்கால் குடும்பத்து விஷம்தான்.

ஆகவே நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ரோஜா நிறத்தில் என்ஜின் கூலண்டும் விற்கிறது. டப்பாவின் மேல் "குடிநீர்க் குழாய்க்கு ஏற்றது" என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்கவேண்டும். வண்டிக்கு ஊற்றிய மிச்சத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். தண்ணீர்ப் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்கவே கூடாது.

பனி உருகியதும் நல்ல தண்ணீரை விட்டு எல்லாக் குழாய்களையும் கழுவுவார்கள். ரோஜா நிறமும் நுரையும் போகும்வரை தண்ணீர் ஓடவேண்டும். அதன்பின் குளோரின் கலந்த தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்து, மறுபடியும் அலசி விடுவார்கள். குளோரின் வாடை போனபிறகே குழந்தைகளின் டம்ளரைக் குழாயடியில் நீட்டலாம்.